ஓர் இரவுக்கு எத்தனை கிலோ ஐஸ்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களுக்குத் துப்பாக்கிக்கு அடுத்த கவலை குளிர்பெட்டிதான். நான்கைந்து நாள் காட்டில் தங்கி, நாற்பது ஐம்பது கிலோ கறியோடு வீடு திரும்ப வேண்டும். வழியில் கறி கெட்டால் வேட்டை வீண். எந்தப் பெட்டி எத்தனை நாள் ஐஸ் தாங்கும் என்று அங்கே கட்சி கட்டிப் பேசுவார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் சீடர்ஸ் சகோதரர்கள் இருவர் 2006இல் தொடங்கிய எட்டி (Yeti) நிறுவனம் இந்தக் கவலையை வைத்தே பெரிய வியாபாரமாக வளர்ந்தது. உயிருள்ள கரடியிடம் பெட்டியைக் கொடுத்து, அது உடைக்கிறதா என்று சோதித்துச் சான்றிதழ் தருகிற இடம்கூட மொன்டானா மாநிலத்தில் இருக்கிறது.

காயல்பட்டினத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை எடுப்பானேன்? இஸ்லாமிய மார்க்கத்தில் வேட்டைக்கு இடமுண்டு. நாட்டுச் சட்டத்தில் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. காட்டு விலங்கின் கறியை வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. நம் பக்கத்தில் அந்தச் சட்டம் காப்பாற்றி வைத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையில் இருக்கிற வல்லநாட்டுக் குன்று 1987 முதல் வெளிமான் சரணாலயம். மேற்கே களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளை ஊர்க்காரர்களே காவல் காக்கிறார்கள். ஆக, தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வேட்டைக் கறிக்குப் பெட்டி தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது வக்கீலை.

ஆனால் வேட்டையை எடுத்துவிட்டாலும் கேள்வி நிற்கிறது. அறுத்த சூடு ஆறாத கறி, வெயில், தூரம் இந்த மூன்றும் சேர்கிற இடத்திலெல்லாம் அது வரும். காயல்பட்டினத்தில் ஹஜ்ஜுப் பெருநாளன்று வீட்டுக்கு வீடு வரும். சென்னையில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஒரு தொடைக்கறி அனுப்ப நினைக்கிற உம்மாவுக்கு வரும். புன்னைக்காயலில் கரையேறிய மீனை வாங்கி இரவு ரயிலில் ஏறுகிறவருக்கும் வரும். வெளிநாட்டு வேட்டைக்காரர் ஆராய்ந்து வைத்திருப்பதில் பாதி இவர்களுக்கு உதவும். மீதிப் பாதி இவர்களுக்குத் தேவையே இல்லாத செலவு. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

கறியைச் சேர்த்து வைப்பது பற்றிய பேச்சு பெட்டியைவிடப் பழையது. குர்பானிக் கறியை மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நபிகள் நாயகம் ஓர் ஆண்டு தடுத்ததும், பின்னர் உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்ததும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பாலைவனத்திலிருந்து பசியோடு ஆட்கள் வந்திருந்த ஆண்டு அது, தடை அவர்களுக்காக. அந்தக் காலத்தில் சேமிப்பதென்றால் கீற்றாக அறுத்து வெயிலில் உலர்த்துவது. நம் ஊர்ப்பக்கத்து உப்புக்கண்டமும் அதே வழிதான். உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, காக்கைக்கு ஆள் வைத்துக் காயவைப்பது. கறியில் உள்ள தண்ணீரை உப்பும் வெயிலும் இழுத்துவிட்டால் கிருமிக்குக் குடிக்க ஒன்றும் மிஞ்சாது. கூப்பிடு தூரத்தில் ஆறுமுகநேரி உப்பளம் இருக்கும் ஊருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல.

மினாவில் ஹஜ்ஜுக் காலத்தில் சில நாட்களுக்குள் அறுக்கப்படும் லட்சக்கணக்கான ஆடுகளின் கறி ஒரு காலத்தில் பெருமளவு வீணானது. 1983இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் அதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. கறியைப் பதப்படுத்தி, உறையவைத்து, ஏழை நாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். பிரச்சினை பெட்டியால் தீரவில்லை. அறுக்கும் இடத்தின் பக்கத்திலேயே குளிர்சாதனக் கூடம் கட்டியதால் தீர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஐஸ் வந்த வழி

ஐஸ் நமக்கு முதலில் வந்தது கடல் வழியாக. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதம், இரண்டு முறை நிலநடுக்கோட்டைத் தாண்டிய பயணம். போய்ச் சேர்ந்தபோது 100 டன் மிச்சமிருந்தது. குளத்தில் வெட்டிய ஐஸ், சுற்றிலும் மரத்தூள், அவ்வளவுதான். சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் அவர் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

நான்கு மாதத்தில் பாதிகூட உருகவில்லை என்பது மாயமில்லை. பொருளின் பருமன் கூடக்கூட அதன் உடம்பை ஒப்பிட வெளிப்பரப்பு குறையும். நீள அகல உயரங்களை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெப்பம் நுழையும் பரப்போ நான்கு மடங்குதான். அண்ணன் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி, தம்பி வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி என்று இரண்டு கட்டுவதைவிட ஒரே பெரிய பெட்டியில் இரு வீட்டுக் கறியையும் வைப்பது லாபம் என்பதும் இதே கணக்கு.

1882 பிப்ரவரியில் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறையிலிருந்து ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பல் சுமார் 5,000 ஆட்டு உடல்களை உறையவைத்து ஏற்றிக்கொண்டு கிளம்பி மூன்று மாதத்தில் லண்டன் சேர்ந்தது. நியூசிலாந்தின் நெடுந்தூர இறைச்சி வியாபாரத்தின் கதை அங்கே தொடங்குகிறது. நம் கரைக்கு ஐஸின் பழக்கம் மீன் வழியாக வந்தது. 1953இல் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் மோட்டார் படகோடு ஐஸ் ஆலையையும் கொண்டுவந்தது. அதற்கு முன் அன்றே விற்காத மீன் கருவாடாக வேண்டியதுதான். இன்று தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போனால் ஐஸ் கம்பெனிகளும், ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும் ஐஸ் பார்களும், அவற்றை நொறுக்கும் மெஷின் சத்தமும் மீன் வாசத்தோடு சேர்ந்தவை. குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். அவர்கள் படகின் மீன் அறையே ஒரு மாபெரும் ஐஸ் பெட்டி. வேட்டைக்காரருக்கு இந்த நாட்டில் யாராவது பாடம் எடுக்க முடியுமென்றால் அது அவர்கள்தான்.

கணக்கு

பெட்டி எதையும் குளிர்விப்பதில்லை. குளிர்விப்பது ஐஸ். பெட்டி செய்வதெல்லாம் வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தாமதப்படுத்துவது. விளம்பரங்கள் மறைப்பது இந்த ஒன்றைத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கூட்டல் பெருக்கல்.

ஒரு கிலோ ஐஸ் உருகி அதே பூஜ்ய டிகிரியில் தண்ணீராக மாற 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். ஒரு கிலோ கறியின் சூடு ஒரு டிகிரி இறங்க அதிலிருந்து ஏறக்குறைய மூன்றரை கிலோஜூல் வெளியேற வேண்டும். பெருநாள் காலையில் அறுத்து வெட்டிய பத்துக் கிலோ ஆட்டுக்கறி 35 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதை இரண்டு டிகிரிக்கு இறக்க 1,155 கிலோஜூல், அதாவது மூன்றரைக் கிலோ ஐஸ். பெட்டி உலகத்திலேயே விலை உயர்ந்ததானாலும் இந்த மூன்றரைக் கிலோ செலவாகியே தீரும்.

இனி பெட்டிக்குள் கசியும் வெப்பம். நாற்பது லிட்டர் அளவுள்ள ஒரு தெர்மாகோல் பெட்டி. சுவர் ஓர் அங்குலம், ஆறு பக்கமும் சேர்த்து முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல் பரப்பு. வெளியே 30 டிகிரி, உள்ளே 2 டிகிரி. கணக்குப் போட்டால் சுமார் 31 வாட் வெப்பம் இடைவிடாமல் உள்ளே போகிறது. ஒரு சிறிய குண்டு பல்பை உள்ளே எரியவிட்டதற்குச் சமம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிக் காயல்பட்டினம் வழியாக எழும்பூர் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸில் பயண நேரம் 14 மணி அளவு. அந்நேரத்துக்கு இந்த 31 வாட் உருக்கும் ஐஸ் நான்கே முக்கால் கிலோ. முன் சொன்ன மூன்றரையோடு கூட்டினால் எட்டே கால். மூடியின் இடுக்கு, ரயில் தாமதம், ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரம் இவற்றையும் சேர்த்தால் பத்துக் கிலோ கறிக்குப் பத்துக் கிலோ ஐஸ். வெப்ப நாடுகளில் மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மீன்பிடித் தொழிலுக்குச் சொல்லும் வாய்ப்பாடு. நம் கணக்கும் அங்கேயே வந்து நிற்கிறது.

இப்போது அதே அளவில், இரண்டு அங்குலப் பாலியூரிதேன் நுரை அடைத்த, கரடிக்கும் அஞ்சாத பெட்டியை வைத்துப் பார்ப்போம். கசிவு 11 வாட்டாகக் குறையும். ஓர் இரவுக்கு ஒன்றே முக்கால் கிலோ ஐஸ். தெர்மாகோல் பெட்டியை ஒப்பிட மிச்சம் மூன்று கிலோ ஐஸ். அந்த மூன்று கிலோவை மிச்சப்படுத்தத்தான் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். அதோடு அந்தப் பெட்டி வெறுமையாகவே பத்துக் கிலோ எடை இருக்கும். ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமின்றி எடுத்துப் போகலாம் என்ற 40 கிலோவில் கால் பங்கை அதுவே தின்றுவிடும். வெயிலில் கிடந்த பெட்டியானால் அதன் சுவரைக் குளிர்விக்கவே முதலில் ஒரு கிலோ ஐஸ் போகும்.

ஆனால் ஐந்து நாள் என்று மாற்றிப் பாருங்கள். தெர்மாகோலுக்குக் கசிவுக்கு மட்டும் 40 கிலோ ஐஸ் வேண்டும். நாற்பது லிட்டர்ப் பெட்டியில் அவ்வளவு ஐஸை வைக்கவே முடியாது. கனமான பெட்டிக்குப் பதினான்கரைக் கிலோ போதும். வேட்டைக்காரர் ஏன் அந்த விலை கொடுக்கிறார் என்பது இங்கே புரிகிறது. அவருக்கு அருகில் ஐஸ் கம்பெனி இல்லை, பயணம் ஓர் இரவில் முடிவதும் இல்லை. அவர் பெட்டி அவருக்குச் சரி. எழும்பூர் போகிறவர் அதை வாங்குவது ஊரார் பார்க்க மட்டுமே உதவும். ரயிலில் கரடி ஏறுவதில்லை.

எல்லோரும் சொல்லும் ஒரு எச்சரிக்கையையும் இதே கணக்கில் சோதிக்கலாம்: “பெட்டியைத் திறக்காதே, குளிர் போய்விடும்.” நாற்பது லிட்டர்ப் பெட்டியில் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி, வெளியிலிருந்து ஈரமான கடற்கரைக் காற்று புகுந்தாலும், அதைக் குளிர்விக்க ஆகும் ஐஸ் பத்துக் கிராம் அளவுதான். ஒரு முறை திறந்து பார்த்து ஐஸ் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வதில் நஷ்டமில்லை. திறந்தவர் சரியாக மூடாமல் விடுவதுதான் நஷ்டம். நல்ல பெட்டியின் அடையாளம் பூட்டும் பட்டையும் அல்ல, மூடி விளிம்பின் ரப்பர். தெர்மாகோலில் ரப்பர் கிடையாது. அகலமான பிரவுன் டேப்பைச் சுற்றிலும் ஒட்டினால் அந்த வேலை நடந்துவிடும்.

வெயில்தான் உண்மையான எதிரி. திறந்த வெளியில் பெட்டி மூடியின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடலாம். உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் இரட்டிப்பானால் அந்தப் பக்கத்தின் வழியே நுழையும் வெப்பமும் இரட்டிப்பாகும். நனைத்த கோணிச் சாக்கை மேலே போர்த்துவது மீன் வியாபாரிகளின் பழைய கைப்பழக்கம். இந்த ஊரில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் அது. ரயிலில் ஏ.சி. வகுப்பு என்றால் கசிவு ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

கறியின் குணம்

இதுவரை கறியை ஒரு சூடான பொருளாக மட்டும் பார்த்தோம். அது அதற்கு மேலானது. உயிர் போன பிறகும் தசை சில மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்துக்குள், பத்து டிகிரிக்குக் கீழே அவசரமாக இறக்கினால் தசை சுருண்டு இறுகிவிடும். நியூசிலாந்தில் லாக்கர், ஹேக்யார்ட் என்ற இருவர் 1963இல் இதை விளக்கினார்கள். உலகத்துக்கே உறைந்த ஆட்டுக்கறி அனுப்பும் நாட்டுக்கு, தன் கறி ஏன் சில சமயம் ரப்பராக இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆடு சிறிய உடம்பு, சீக்கிரம் குளிரும். அதனால் மாட்டைவிட ஆட்டுக்கு இந்த ஆபத்து அதிகம். எலும்போடு தொங்கவிட்ட தசையை எலும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எலும்பு நீக்கிச் சின்னத் துண்டாக வெட்டினால் சுருங்கத் தடையே இல்லை.

நாம் செய்வது என்ன? அறுத்த ஒரு மணி நேரத்தில் துண்டு போட்டு, பையில் கட்டி, நேரே ஃப்ரீசரில் திணிக்கிறோம். இறுகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அப்படி உறைந்தது உருகும்போது மறுபடியும் சுருங்கி நீரைக் கக்கும். களரி விருந்துக்கு ஆக்கும் கறி இந்தத் தொல்லையிலிருந்து தப்புவதற்குக் காரணம் அறுத்த சூட்டோடு சட்டிக்குப் போவது. நாள் கழித்துச் சமைக்க வேண்டிய கறிக்கு நடுவழி ஒன்று உண்டு. தொடை, சப்பை போன்றவற்றை முழுசாக விட்டு, தட்டில் பரப்பி முதல் இரவு ஃப்ரிட்ஜில் வைப்பது, மறுநாள் வெட்டிப் பையிலிட்டு உறையவைப்பது.

ஆனால் மென்மைக்காகப் பாதுகாப்பை விடக்கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகள் பெருகும் களம். அமெரிக்க வேளாண்மைத் துறை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி கிடக்கக் கூடாது என்கிறது. வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரே மணி நேரம். 2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7ஆம் தேதி வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அது மே மாதக் கத்திரி வெயிலில்தான் வரும். அந்த வெயிலில் கறி கொஞ்சம் இறுகினாலும் பரவாயில்லை என்று ஐஸில் போடுவதே புத்தி. இறுகிய கறிக்குக் குக்கரில் இரண்டு விசில் கூட வைத்தால் போயிற்று. கெட்ட கறிக்கு மருந்தில்லை.

தடிமன் விஷயத்தில் வேட்டைக்காரர் அனுபவம் நமக்கு நேராக உதவும். கனத்த தசை மையம் வரை குளிர ஆகும் நேரம் தடிமனின் வர்க்கப்படி கூடும். ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒரு மணி நேரத்தில் குளிர்ந்தால் பத்து சென்டிமீட்டர் துண்டுக்கு நான்கு மணி நேரம். பெரிய மானின் தொடையில் எலும்பை ஒட்டிய இடம் சூட்டிலேயே இருந்து புளித்துப்போவதற்கு அவர்கள் அதிகம் பயப்படுவார்கள். அதனால்தான் குடலை எடுத்து, தோலை உரித்து, நான்காகப் பிரித்து, இரவுக் காற்றில் தொங்கவிட்டுச் சூடு ஆறிய பிறகே பெட்டியைத் திறக்கிறார்கள். பெட்டிக்குள் போகும் முன்பே சூட்டைக் கழற்றிவிடு என்பதுதான் அவர்கள் வித்தையின் முழுச் சாரம். மலைக்குளிர் நமக்கு இல்லை. நமக்கு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்து நான்கு டிகிரிக்கு வந்த கறியானால் முன் சொன்ன மூன்றரைக் கிலோ ஐஸ் செலவு அநேகமாக மறைந்துவிடும்.

உறைந்த கறியானால் இன்னும் மேல். கறியில் முக்கால் பங்கு தண்ணீர். உறைந்த கறியே ஒரு ஐஸ் கட்டி. பத்துக் கிலோவும் நன்றாக உறைந்திருந்தால், அந்தத் தெர்மாகோல் பெட்டியில், வேறு ஐஸ் இல்லாமலே எழும்பூர் வரை குளிராக இருக்கும். பாதி உருகியிருக்கலாம், அவ்வளவே. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை உறையவைத்து மேலே போட்டால் கறி பெரும்பாலும் கட்டியாகவே இறங்கும். ஆனால் வீட்டு ஃப்ரீசரில் பத்துக் கிலோவைப் பந்தாகத் திணித்துவிட்டு மறுநாள் எடுத்தால் நடுவில் உறைந்திருக்காது. தட்டையான பொட்டலங்களாகப் போட வேண்டும்.

ஈரல், குடல், தலைக்கறி இவற்றைப் பயணத்துக்கு வைக்காதீர்கள். அன்றைக்கே ஆணமாகட்டும். கொத்துக்கறியும் அப்படித்தான். கொத்தக்கொத்த வெளிப்பரப்பு கூடும், கிருமி எல்லா இடத்திலும் கலந்துவிடும்.

உருகிய தண்ணீரை வடிக்கலாமா என்று எங்கும் சண்டை உண்டு. பூஜ்ய டிகிரித் தண்ணீர் கறியைச் சுற்றிலும் தழுவி நிற்பதால் குளிர்விக்க நல்லது. அந்தத் தண்ணீரில் நேரடியாக ஊறும் கறியோ வெளுத்து, சாறிழந்து, ஒரு துண்டின் கிருமியை எல்லாத் துண்டுக்கும் பரப்பும். ஐஸ் கம்பெனி பார் குடிக்கிற தண்ணீரில் செய்ததென்று நம்ப வேண்டியதும் இல்லை. கறியைக் கனத்த பையில் காற்றில்லாமல் இறுகக் கட்டியிருந்தால் தண்ணீரை விட்டுவையுங்கள், கட்டவில்லை என்றால் வடியுங்கள். சண்டை இதற்கு மேல் தேவையில்லை. ஐஸில் நொறுக்கு கறியைத் தொட்டு நிற்கும், கட்டி நெடுநேரம் நிற்கும். அடியிலும் இடுக்கிலும் நொறுக்கு, மேலே இரண்டு கட்டி.

மீன் வேறு ஜாதி. அதன் தசை இளகியது, குடலிலேயே கிருமியும் செரிமான நீரும் இருக்கும், சூடு ஏறினால் மணிக்கணக்கில் கெடும். ஆனால் நம் பக்கத்து மீனுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. குளிர்க்கடல் மீன்மேல் இருக்கும் கிருமிகள் ஐஸின் குளிரிலும் வளரப் பழகியவை. வெப்பக் கடல் மீன்மேல் இருப்பவை சூட்டுக்குப் பழகியவை. ஐஸில் போட்டதும் அடங்கிவிடும். அதனால் உடனே ஐஸிட்ட நம் மீன் நார்வே மீனைவிட அதிக நாள் தாங்கும். “உடனே” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. செவுளும் குடலும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் நொறுக்கு ஐஸ் வைத்து, மீனும் ஐஸும் அடுக்கடுக்காக.

சூரையோ அயலையோ வாங்குகிறவர் மட்டும் இன்னும் ஒரு படி கவனிக்க வேண்டும். சூரை, அயலை போன்றவற்றின் தசையில் சூடேறும்போது கிருமிகள் ஹிஸ்டமைன் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். அது ஒரு முறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. மீன் பார்க்கவும் மோக்கவும் நன்றாகவே இருக்கலாம்.

குறுக்கு வழிகள்

ஐஸோடு உப்புப் போட்டால் குளிர் கூடும் என்பது குல்ஃபி விற்கிறவருக்குத் தெரியும். சரியான விகிதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போகும். ஆனால் ஐஸ் வேகமாக உருகும். புதுக்கறிக்கு அது தேவையில்லை, உறைந்த மீனைக் கொண்டுபோகத்தான் பயன்படும். கடைகளில் விற்கும் ஜெல் பைகளில் பெரும்பங்கு தண்ணீர்தான். கிலோவுக்குக் கிலோ ஐஸைவிட அதிகம் குளிர்விக்காது, கசியாது என்பதே அதன் லாபம். உலர் பனி பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரியில் இருக்கும் கரியமில வாயு. ஆவியாகி அறையை நிரப்பும். மூடிய காரில் பத்து மணி நேரம் போகிறவர் அதைத் தொடவே வேண்டாம். விமானத்தில் பயணி ஒருவருக்கு இரண்டரைக் கிலோ, அதுவும் கம்பெனியிடம் முன்கூட்டிச் சொல்லி, வாயு வெளியேற வழியுள்ள பெட்டியில் மட்டும்.

பாலியூரிதேன் பெட்டி காயல்பட்டினத்தில் ஒரு வீட்டுக்கும் தேவையே இல்லை என்று சொல்லிவிடலாமா? 2023 டிசம்பர் 17, 18இல் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. செந்தூர் எக்ஸ்பிரஸே ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. வட்டாரம் முழுவதும் மின்சாரம் போயிற்று. மூடியே வைத்திருந்தால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள், கீழே உள்ள ஃப்ரிட்ஜ் பகுதி நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு நல்ல பெட்டி கைகொடுக்கும் என்று தோன்றும். ஆனால் கரண்ட் இல்லாத ஊரில் ஐஸ் கம்பெனியும் ஓடாது. ஐஸ் இல்லாத பெட்டி வெறும் பெட்டி. வெள்ளத்துக்கு உதவும் முன்னேற்பாடு, மழை எச்சரிக்கை வந்த அன்றே ஃப்ரீசரின் காலி இடங்களில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குவதுதான். இன்சுலினோ குழந்தை மருந்தோ வைத்திருக்கிற வீட்டுக்கு மட்டும் அந்தக் கனத்த பெட்டியை, சின்ன அளவில், நான் சிபாரிசு செய்வேன். கறிக்காக அல்ல.

வாடகைக்கோ பொதுவிலோ ஒன்று வைத்துக்கொள்வது வேறு விஷயம். ஒரு ஜமாஅத்தோ தெருச் சங்கமோ நூறு நூற்றைம்பது லிட்டரில் இரண்டு நல்ல பெட்டி வாங்கிப் போட்டால் பெருநாளின் நான்கு நாளும் குர்பானிப் பங்கைத் தொலைவான வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க உதவும். பெரிய பெட்டியின் கணக்கு சின்னதைவிட எப்போதும் நல்லது என்று டியூடர் கப்பலிலேயே பார்த்தோம். மரச்சட்டத்துக்குள் இரண்டு அங்குலத் தெர்மாகோல் வைத்து, உள்ளே தகரம் அடித்து உள்ளூர்த் தச்சரே செய்துவிடலாம். விலையில் கனத்த பெட்டியின் பக்கத்தில் வராது. வேலையில் வெகு தூரம் பின்தங்காது.

தெர்மாகோலுக்குக் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. இரண்டு மூன்று முறைக்கு மேல் தாங்காது, ரத்த வாடை ஏறினால் போகாது, உடைந்தால் மணிமணியாகக் கடற்கரையில் பறக்கும். தெர்மாகோல் தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. மீன் பெட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே கனத்த பாலிதீன் உறை விரித்து, வெளியே பழைய போர்வை ஒன்றைச் சுற்றினால் ஆயுளும் கூடும், குளிரும் நிற்கும்.

பெட்டிக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சம் எடுத்துச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். எழும்பூரில் இறங்கி வீடு போனதும் அதைத் தடித்த துண்டின் நடுவே குத்திப் பாருங்கள். ஐஸ் மிச்சமிருந்து, முள் ஐந்து டிகிரிக்குக் கீழே காட்டினால் கவலையில்லாமல் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஐஸ் தீர்ந்து, தண்ணீர் சில்லென்று இருந்து, முள் ஐந்தைச் சற்றே தாண்டியிருந்தால் ஆட்டுக்கறி அந்த நேரமே அடுப்புக்குப் போக வேண்டும். தண்ணீர் கைச்சூட்டுக்கு வந்திருந்தால், எப்போதிலிருந்து அப்படி என்று தெரியாததால், கறியானாலும் மீனானாலும் வீசிவிடுவதே சரி. சூரையாகவோ அயலையாகவோ இருந்தால் முள் ஐந்தைத் தாண்டியதுமே போதும், குப்பைக்குப் போகட்டும்.